பெரியப்பாவின் பன்னீர்த் திராட்சையில் நான் தரையிறங்கிய கதை

விமானம் ஓட்டத் தெரிந்தவளுக்கு மற்ற வண்டியெல்லாம் தானாக வரும் என்று உலகம் நினைக்கிறது. உலகத்தைக் குறை சொல்ல முடியாது, உரிமம் வாங்கிய புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் எனக்குச் சைக்கிளே தள்ளாடும். (ஹாஸ்டலிலிருந்து நேராக விமானத்தில் ஏறிய பிள்ளை. நடுவில் உள்ள வண்டிகளையெல்லாம் விட்டுவிட்டேன்.)

காமயகவுண்டன்பட்டி எங்கள் ஊர். ஊரின் முதல் விமானி, அதுவும் பெண் பிள்ளை என்று கம்பத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நம்பாத ஒரே ஆள் என் பெரியப்பா. விமானத்தில் பெண்கள் மிட்டாய்தான் கொடுப்பார்கள், ஓட்டுவது வேறு ஆள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

என் மானம் மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். பெரியப்பா மகள் செல்விக்கு மதுரையில் இன்ஜினியரிங் சீட் கிடைத்திருந்தது. அனுப்ப மாட்டேன் என்று பெரியப்பா ஒற்றைக்காலில் நின்றார்.

"பொம்பளப் பிள்ளைக்கு மிசினப் பத்திப் படிச்சு என்ன ஆகப்போகுது?"

"எம் மக பிளேனே ஓட்டலையாண்ணே?" என்றார் அப்பா.

"நீ சொல்ற. நான் கண்ணால பாத்தனா? நாளைக்குத் திருவிழாவுல கோயிலுக்குப் போற டிராக்டர இவ ஓட்டட்டும். ஒழுங்கா ஓட்டுனா செல்விய நானே காலேசுல கொண்டுபோயி விடுறேன்."

செல்வி என்னையே பார்த்தாள். ஆகாயத்தில் பறக்கிறவளுக்கு டிராக்டர் என்ன பிரமாதம்? "சரி பெரியப்பா" என்று சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருந்தால்தானே.

மறுநாள் காலையில் டிராக்டருக்கு மாவிலை கட்டி, மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். எது கிளட்ச், எது பிரேக் என்று அப்பா ஒருமுறை காட்டிக்கொடுத்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டேன். பெரியப்பா வெள்ளை வேட்டியில் வந்து பக்கத்து மட்கார்டில் அமர்ந்தார். பின்னால் பெண்கள் குலவை போட்டுக்கொண்டு நடந்து வந்தார்கள்.

நேர் ரோட்டில் டிராக்டர் தங்கமாகப் போனது. பெரியப்பா முகம்கூட லேசாக இளகியது. அவருடைய திராட்சைத் தோட்டத்தருகே ரோடு சரிந்து இடது பக்கம் திரும்பும். அங்கேதான் என் படிப்பே எனக்கு எமனாக வந்தது.

விமானம் தரையில் ஓடும்போது அதைக் கையால் திருப்ப மாட்டோம், காலால்தான் திருப்புவோம். இடது பக்கம் போக இடது காலை அமுக்க வேண்டும். பயிற்சிக்கு வரும் எல்லோரையும் போல நானும் ஆரம்பத்தில் கையால் திருப்பப் பார்ப்பேன். "கையை எடு!" என்று வாத்தியார் கத்திக் கத்தியே அந்தப் பழக்கத்தை ஒழித்துவிட்டார். வளைவைக் கண்டதும் அவர் குரல் காதில் கேட்டது. ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடது காலை முழு பலத்தோடு அமுக்கினேன்.

டிராக்டரில் இடது காலுக்குக் கீழே இருப்பது கிளட்ச். அதை மிதித்ததும் டிராக்டர் சரிவில் தன்பாட்டுக்கு உருண்டது. திரும்பவில்லையே என்று நான் இன்னும் அமுக்கினேன்.

"ஏத்தா, கையி! கையி!" என்று பெரியப்பா அலறினார்.

"கை வைக்கக் கூடாது பெரியப்பா" என்று விளக்கம் சொன்னேன். (சத்தியமாகச் சொன்னேன்.)

டிராக்டர் வேலியைப் பிய்த்துக்கொண்டு தோட்டத்துக்குள் போய், ஒரு கல்தூணைச் சாய்த்துவிட்டு நின்றது. அறுப்புக்குத் தயாராக இருந்த பன்னீர்த் திராட்சை, பந்தலோடு எங்கள் தலையில் இறங்கியது. இதுவும் விழாவில் சேர்ந்ததுதான் என்று நினைத்துப் பின்னால் வந்த பெண்கள் இன்னும் பலமாகக் குலவை போட்டார்கள்.

பெரியப்பா காதில் ஒரு கொத்து தொங்கியது. வேட்டி ஊதா நிறமாகியிருந்தது. ஓடி வந்த செல்வி, அவர் முகத்தைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள். ஒரு பிள்ளையின் படிப்பைப் பந்தலோடு சாய்த்துவிட்டேனே என்று எனக்கும் அழுகை வந்தது.

"ஏன்த்தா கைய எடுத்த?" என்றார் பெரியப்பா, மெதுவாக.

"பிளேன்ல அப்படித்தான் பெரியப்பா. தரையில ஓடுறப்போ காலாலதான் திருப்பணும்."

"ஆரு சொன்னாக?"

"எங்க வாத்தியாரு."

பெரியப்பா காதோரத் திராட்சையில் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டு யோசித்தார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

"தம்பி, இவ நெசமாவே பிளேன்தான் ஓட்டுறா. மிட்டாய் குடுக்குற பிள்ளைக்கு இம்புட்டு வெவரமாக் கவுக்கத் தெரியாது."

செல்வியைக் காலேஜில் அவரே கொண்டுபோய் விட்டார். இன்றைக்கும் நான் வண்டிச் சாவியைத் தொட்டாலே வீட்டில் யாராவது ஒருவர் "கையி! கையி!" என்கிறார்கள்.

சில வருடம் கழித்து, வேலை கிடைத்த செல்வி சென்னையிலிருந்து மதுரைக்குப் பெரியப்பாவை விமானத்தில் கூட்டி வந்தாள். ஓட்டியது நான். சக்கரம் தரையைத் தொட்டதுதான் தாமதம், வழக்கம்போல எல்லோரும் பையை எடுக்க எழுந்துவிட்டார்கள். பணிப்பெண்கள் கெஞ்சியும் யாரும் உட்காரவில்லை. பெரியப்பா முன் சீட்டை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினாராம்: "உக்காருங்கய்யா எல்லாரும்! மேல பறக்குறப்ப எம் மக நல்லாத்தான் ஓட்டுவா. தரையில இனிமேத்தான் இருக்கு!"

அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். விமானம் நின்றதும் பணிப்பெண் அவர் கை நிறைய மிட்டாய் கொடுத்தாளாம்.