கொரியாப் பிள்ளைகளுக்குத் துட்டி

உயிரோடு, நல்ல சுகமாக இருந்த ஐந்து கொரியாப் பெண்களைச் சங்கரன்கோவிலில் வைத்து ஒரே காலையில் கொன்றவள் நான். எந்தக் காவல் நிலையத்திலும் வழக்குப் பதிவாகவில்லை. ஆனால் எங்கள் தெருவில் இன்றைக்கும் யாரைக் கேட்டாலும் சாட்சி சொல்வார்கள்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பி.காம். இரண்டாம் ஆண்டு. (படித்தேன் என்று சொல்லவில்லை, இரண்டாம் ஆண்டில் இருந்தேன்.) அப்பா ஆவுடையப்பன் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தார். அக்கா சங்கரிக்கு வாசுதேவநல்லூரில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. மாப்பிள்ளைக்குக் குவைத்தில் வேலை. லீவு முடிவதற்குள் நிச்சயமும் கல்யாணமும் நடந்தாக வேண்டும். நிச்சயத்துக்கு ஞாயிற்றுக்கிழமை குறித்தாயிற்று. வீடே அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகக் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓட, நான் மட்டும் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தேன். அன்றைக்குத்தான் ஆல்பம் வெளியீடு.

ஐந்து பெண்கள் கொண்ட பாட்டுக் குழு அது. பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்தக் குழுவின் ரசிகைகள் வீடு தேடி வந்து சண்டை போடக்கூடியவர்கள், நான் உட்பட. அந்த ஆல்பம் எப்படி உருவாகிறது என்பதை வாரா வாரம் வீடியோவாகப் போட்டார்கள். பாட்டைக் கேட்டு மயங்கியவர்கள் உண்டு. நான் அந்தப் பாட்டுக்காக அவர்கள் படும் பாட்டைப் பார்த்து மயங்கியவள். ஒரே ஒரு வரி. அதை ஒரு பெண் கண்ணாடி அறைக்குள் நின்று பாடுகிறாள். வெளியே உட்கார்ந்திருப்பவர் போதாது என்று தலையை ஆட்டுகிறார். மறுபடி பாடுகிறாள். என் காதுக்கு எல்லாமே ஒன்றுபோலத்தான் இருந்தது. அவர் மறுபடி தலையை ஆட்டுகிறார். ஜன்னலில் வெயில் போய்விட்டது, வரி இன்னும் வரவில்லை. கடைசியில் ஒரு தடவை வந்தது பாருங்கள், இதுதான் என்று எனக்கே தெரிந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது. நானோ ஒரு கணக்கு ஒரு தடவை தப்பினால் புத்தகத்தை மூடிவிட்டு டீ குடிக்கப் போகிறவள். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களா என்று வாயைப் பிளந்தபடியே அந்த வருடம் முழுவதையும் கழித்தேன்.

அந்த ஆல்பத்துக்கு வந்த விளம்பரப் படம் கறுப்பு வெள்ளை. ஐவரும் கறுப்பு உடையில், கையில் வெள்ளைப் பூவோடு, தலை குனிந்து நிற்கிறார்கள். இடது பக்கம் அவர்கள் குழுவாக முதன்முதலில் மேடையேறிய தேதி. வலது பக்கம் ஆல்பம் வரும் தேதி. வேறு ஓர் எழுத்துக் கிடையாது. என்ன அடக்கம், என்ன அழகு என்று உருகினேன். உலகம் முழுவதும் உள்ள ரசிகைகள் அவரவர் ஊரில் அந்தப் படத்தைப் பெரிதாக வைத்து, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று பேச்சு. பாரிஸ் வைத்துவிட்டது. ஜகார்த்தா வைத்துவிட்டது. சங்கரன்கோவில் மட்டும் இளைத்த ஊரா?

வியாழக்கிழமை எங்கள் தெருப்பக்கம் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்த பிரபு அண்ணனிடம் போனேன்.

"கலர் வேண்டாமா தங்கச்சி?"

"கறுப்பு வெள்ளைதாம்ணே. அப்படியே இருக்கணும்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சின்னப் பிள்ளையளா இருக்கே. அஞ்சு பேருமா?"

"அஞ்சு பேரும்தான்," என்றேன் பெருமையாக.

"நாளைக்குத்தானா?"

"நாளைக்குத்தாம்ணே. காலையில முதல் வேலையா நம்ம தெரு முக்குல கட்டிரணும்." (பதினாறாம் நாள் காரியத்தைத்தான் கேட்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?)

"நீ கவலப்படாம வீட்டுக்குப் போ. மத்தவன் வேலையெல்லாம் நிப்பாட்டிட்டு உன்னத எடுக்கேன்," என்றார். குரல் கம்மியிருந்தது. கலையை மதிக்கிற மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை தெரு முக்குக்கு ஓடினேன். எட்டடி உயரத்தில் என் ஐவர் நின்றார்கள். பிரபு அண்ணன் தன் பங்குக்கு இரண்டு மூலையிலும் எரிகிற தீபம் ஒவ்வொன்று சேர்த்திருந்தார். பேரில்லாமல் வைத்தால் எவனாவது கிழித்துவிடுவான் என்று கீழே 'பூ மார்க்கெட் ஆவுடையப்பன் குடும்பத்தார்' என்றும் போட்டிருந்தார். நல்ல காரியத்துக்கு விளக்கேற்றி வைத்திருக்கிறார் என்று என் மரமண்டைக்குத் தோன்றியது.

அதைவிட ஆச்சரியம் அங்கே நின்ற கூட்டம். ஆட்டோ ஸ்டாண்டில் எப்போதும் அலறுகிற பாட்டை நிறுத்தியிருந்தார்கள். ஒரு பெரியவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வேலைக்குப் போகிற அக்கா ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பி நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் ஏறி நின்று சம்பங்கி மாலை ஒன்றைப் போட்டார். (இரண்டையும் பிறந்த தேதி, இறந்த தேதி என்று நினைத்துக் கழித்துப் பார்த்து, "வயசு நாலுல்லா வருது?" என்று ஒருவர் கேட்டாராம். "அது வெளிநாட்டுக் கணக்கு வே," என்று இன்னொருவர் அடக்கினாராம். இதெல்லாம் பிறகு என் காதுக்கு வந்தது.)

"பாவம், இந்தப் பிள்ளையெல்லாம் என்ன பாடு பட்டுச்சோ," என்றார் பெரியவர்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. இவரும் அந்த வீடியோக்களைப் பார்த்திருக்கிறார்! மாலையோடு, கூட்டத்தோடு போட்டோ எடுத்து இணையத்தில் ஏற்றினேன். கொரியாவிலிருந்து ஒருத்தி, ஒரு பாட்டுக்கு இப்படி ஒரு மரியாதையை எங்கள் நாட்டிலேயே பார்த்ததில்லை என்று எழுதினாள். நான் காற்றில் நடந்து வீட்டுக்கு வந்தேன்.

அதே நேரம் பூ மார்க்கெட்டில் அப்பாவின் கையை ஒவ்வொருவராக வந்து பிடித்துக்கொண்டு, "மனசத் தளர விடாதீங்க அண்ணாச்சி," என்றிருக்கிறார்கள். அன்றைக்கு மல்லி விலை படு மோசம். இத்தனை பேருக்குத் தன் மேல் இவ்வளவு அக்கறையா என்று அப்பா நெகிழ்ந்துபோய் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

மதியம் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவர்கள் மாப்பிள்ளை வீட்டார். செய்தி அதற்குள் வாசுதேவநல்லூர் வரை போயிருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போய் வருவதைத் துட்டி கேட்பது என்போம். பெண்கள் வாசலில் கால் வைத்ததுமே அழுதுவிட வேண்டும். வீட்டுக்காரி எழுந்து வந்து கட்டிக்கொண்டு கூடவே அழ வேண்டும். யார், என்ன, எப்படி என்ற விசாரணையெல்லாம் அழுது முடித்த பிறகுதான்.

மாப்பிள்ளையின் அம்மா பார்வதி அத்தை படியேறும்போதே அம்மாவைக் கூப்பிட்டுக் குரலெடுத்தார். "மைனீ! இப்படி ஆயிப்போச்சே மைனீ!"

நிச்சயத்துக்கு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்த அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். சம்பந்தியம்மா அழுகிறாள், ஆண்கள் தலை குனிந்து நிற்கிறார்கள், கூட்டத்தில் மாப்பிள்ளையைக் காணோம். அம்மாவுக்கு உலகம் இருண்டது. மாவுக் கையோடு அத்தையைக் கட்டிக்கொண்டு அவளும் ஓலமிட்டாள். அதைப் பார்த்த அக்கா கதவைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பூ மாதிரிப் பிள்ளைய மைனீ! ஒருசேரக் கொண்டுபோயிட்டானே!"

"போன வாரம்கூட இங்கன உக்காந்து காப்பி குடிச்சிட்டுப் போனாரே!"

அத்தையின் அழுகை சட்டென்று நின்றது. "யாரு காப்பி குடிச்சா?"

"மாப்பிள்ளைதான்!"

"அவனுக்கு என்ன மைனி? மாலை வாங்கிட்டு பின்னால பைக்குல வாரான்."

அம்மா கண்ணைத் துடைத்தாள். கண்ணைச் சுற்றி மாவு ஒட்டிக்கொண்டது. "அப்ப யாரு செத்தா?"

"அத நாங்கல்லா உங்ககிட்ட கேக்கணும்!"

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை ஐந்து மாலைகளோடு உள்ளே வந்தார். பின்னாலேயே அப்பா வந்தார். முக்கில் திரும்பும்போதே ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்ட முகம். "ஏட்டி கோமதி, யாருட்டி அந்த அஞ்சு பிள்ளையளும்?" என்றார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

சொன்னேன். பாட்டு, ஆல்பம், கொரியா, மதியம் இரண்டரைக்கு வெளியீடு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எறும்புக் குரலாகிவிட்டது.

"அப்ப ஒருத்தரும் சாவல," என்றார் மாப்பிள்ளையின் அப்பாவான மாமா. நிதானமான மனிதர். அந்த நிதானம்தான் பயமாக இருந்தது. "நல்ல காரியத்துக்கு ரெண்டு நாள் இருக்கு. பொண்ணு வீட்டுப் பேரையே போட்டுத் துட்டிப் போர்டு. எங்க ஊரு பூரா அழுதுட்டு வந்திருக்கோம். இது சகுனமாப் படல அண்ணாச்சி. கொஞ்ச நாள் தள்ளி வப்போம்."

கொஞ்ச நாள் என்றால் லீவு முடிந்துவிடும். லீவு முடிந்தால் அடுத்த லீவு. அதற்குள் இந்தப் பெண்ணுக்கு வாசலிலேயே அபசகுனம் என்று ஊர் முழுக்கப் பேசி முடித்திருக்கும். அக்கா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. (செத்திருந்தால் விளக்கோடு ஃப்ளெக்ஸும் மாலையும் தயார்.)

மாமா செருப்பை மாட்டிக்கொண்டார். அத்தை அசையவில்லை.

"இருங்க. வேன்ல ஏறுன எடத்துலருந்து அழுதுக்கிட்டு வாரேன். யாருக்கு அழுதேன்னு பாக்காம நான் வர மாட்டேன். ஏட்டி, அந்தப் பிள்ளையளக் காட்டு."

போனை டி.வி.யோடு இணைத்தேன். எனக்குப் போடத் தெரிந்தது ஒன்றுதான், ஆல்பம் உருவான வீடியோ. துட்டிக்கு வந்த கூட்டம் நடுவீட்டில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தது. பயிற்சி அறையின் வெறுந்தரையில், ஷூவைத் தலைக்கு வைத்துக்கொண்டு ஐவரும் தூங்குகிறார்கள். நடுவில் ஆடுகிற பெண்ணுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது; ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டு எழுந்து முதலிலிருந்து ஆடுகிறாள். ஓடுகிற காரில் ஒரு அம்மாள் மடியில் உடையைப் போட்டு மணி கோத்துத் தைக்கிறார். நான் அடியில் ஓடும் இங்கிலீஷைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"இவ ஏன் அழுதா?"

"வீட்டுக்குப் போயி ரொம்ப நாளாச்சாம் அத்தை."

"ஆத்தாகாரி உண்டுல்லா?"

"உண்டு அத்தை."

"அவ எப்படித்தான் பொறுத்துக்கிட்டு இருக்காளோ," என்று அத்தை மறுபடி கண்ணைத் துடைத்தார். இந்த முறை சத்தமில்லை.

கண்ணாடி அறையும் அந்த ஒற்றை வரியும் வந்தன. நிலைப்படியில் நின்ற மாமா, "முதல்ல பாடுனதே நல்லாத்தான இருந்துது?" என்றார்.

"அவங்களுக்குப் பத்தலையாம் மாமா."

மாமா நிலையில் சாய்ந்துகொண்டார். அந்த வரி சரியாக வந்தபோது, "ஆங்," என்றார். கொரிய மொழியில் ஒரு சொல் தெரியாத இத்தனை பேருக்கும், எனக்குத் தெரிந்த மாதிரியே, அது தெரிந்துவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

இரண்டரை ஆனது. புதுப் பாட்டின் வீடியோ வந்தது. முதலில் அதே கறுப்பு வெள்ளை. ஐவரும் தலை குனிந்து நிற்கிறார்கள். மெதுவான பியானோ. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். தாளம் விழுந்தது. நடுவில் நின்றவள் தலையை நிமிர்த்தினாள். அவள் கையிலிருந்த வெள்ளைப் பூ சிவந்தது. அந்தச் சிவப்பு அவள் கையில் ஏறி, உடையில் பரவி, மற்ற நால்வர் மேலும் பாய்ந்து, திரை முழுக்க வண்ணமாகி, ஐந்து பேரும் துள்ளி எழுந்து ஆடினார்கள். வீங்கிய முழங்காலும் சேர்ந்துதான் ஆடியது.

"உசுரு வந்துட்டு!" என்று கத்தினார் அத்தை.

பாட்டு முடிந்ததும் அவர் தன் கணவரிடம் திரும்பினார். "செத்துப்போச்சுன்னு அழுத பிள்ளைய கண்ணு முன்னால எந்திரிச்சு ஆடுதுவ. இதவிட நல்ல சகுனம் எங்கன போயித் தேடுவீய?"

மாமா டி.வி.யைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். "மைனி, காப்பி இருக்கா?" என்றார்.

துட்டி வீட்டில் யாரும் காப்பி கேட்க மாட்டார்கள். அம்மா அடுப்படிக்கு ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. நிச்சயம் ஞாயிற்றுக்கிழமையே நடந்தது. மாப்பிள்ளை வாங்கி வந்த ஐந்து மாலைகளை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாமல், கடைசியில் பிரபு அண்ணனே வந்து ஃப்ளெக்ஸோடு சேர்த்து எடுத்துப் போனார்.

அதற்குப் பிறகு அந்தக் குழுவின் எந்த ஆல்பம் வந்தாலும் எனக்கு முன்னால் அத்தைக்குத் தெரிந்துவிடும். "ஏட்டி, நம்ம செத்த பிள்ளைய புதுப் பாட்டு போட்டிருக்காவளாமே, கேட்டியா?" என்று போன் வரும். அக்காவின் மகள் பள்ளிக்கூடத்தில் போய், எங்க சொந்தக்காரங்க அஞ்சு பேரு செத்துப்போயி டான்ஸ் ஆடுதாங்க என்று சொல்லி, டீச்சர் அக்கா வீட்டுக்கு ஆள் அனுப்பிய கதையும் உண்டு.

போன வருடம் அந்தக் குழு கலைந்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. நான் சென்னையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இந்த வயதில் இதற்காக அழுகிறேன் என்று யாரிடம் சொல்வது? மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். போன் அடித்தது. பார்வதி அத்தை.

"சங்கரி சொன்னா. நெசந்தானா மக்கா?"

"ஆமா அத்தை. இனிமே சேர்ந்து பாட மாட்டாங்களாம்."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. கேலிக்கு அழவில்லை, நிஜமாகவே அழுதார். நானும் சேர்ந்து அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்:

"சாப்பிட்டியா? போயி முதல்ல சாப்பிடு. அன்னைக்கு நாமளே கொன்னு மாலையும் போட்டோம், மதியத்துக்குள்ள எந்திரிச்சு ஆடுனவளுவ. இதுக்கா போயிருவாளுவ?"