7919 கடலை

கிட்ட வந்து உட்காருங்க. இது கணக்குக் கதை. தள்ளி உட்கார்ந்தா ஒண்ணு குறைஞ்சுபோகும்.

ஒரு காட்டில் மழை பொய்த்துப்போச்சு. முப்பத்தாறு குடும்பமும் பட்டினி. செவத்தா என்கிற அணிலின் நாலு குட்டிகளும் அழக்கூடத் தெம்பில்லாமல் பொந்தில் சுருண்டு கிடந்தன.

சிங்கராஜா மனமிரங்கி ஒரு மூட்டை வேர்க்கடலை அனுப்பினார். கூடவே ஓர் உத்தரவு. குடும்பங்களுக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். ஒரு கடலை மிச்சம் விழுந்தாலும் மூட்டையே யாருக்கும் கிடையாது. போன வருஷம் மிஞ்சிய ஒற்றைக் கடலைக்காக இரண்டு கீரிகள் ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டதில் பிறந்த சட்டம் அது.

குமாஸ்தா மருதப்ப நரி எண்ணினார். 7920. குடும்பத்துக்கு 220, மிச்சமில்லை. வரிசையில் நின்றவர்களுக்கு எச்சில் ஊறியது. சொத்தை இருக்கிறதா என்று பார்ப்பது தன் கடமை என்று சொல்லி, நரி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்று முடித்ததும் முகம் வாடிவிட்டது.

"இப்ப 7919. இது பகா எண். முப்பத்தாறால வகுத்தாலும் சரி, ரெண்டால வகுத்தாலும் சரி, மிச்சம் விழும். 7919 குடும்பம் இருந்தா ஆளுக்கு ஒண்ணு கொடுக்கலாம். இல்லேன்னா ஒரே குடும்பமா இருக்கணும்."

சட்டத்தைக் காப்பாற்ற அந்தச் சுமையைத் தன் குடும்பமே சுமக்கும் என்று பெருமூச்சு விட்டபடி, கடலைக் கணக்கையும் வாங்கும் குடும்பத்தையும் பதியும் படிவத்தை எடுத்தார்.

செவத்தா குறுக்கே வந்தாள். "நரி சார், கொடியேத்தினப்போ, இந்தக் காடே ஒரே குடும்பம்னு நீங்கதானே பேசினீங்க?"

சிங்கராஜா கைதட்டிய பேச்சு அது. இல்லையென்று இப்போது மறுத்தால் தோல் தப்பாது. நரி படிவத்தை நீட்டினார். எல்லாரும் ஒரே குடும்பமென்று வரிசையாகப் பாதம் பதித்தார்கள். கடைசி ஆளாக நரியும் பதித்தார். குடும்பத் தலைவி என்ற கட்டம் காலியாக இருந்தது. காலியாக விடுவானேன் என்று செவத்தா தன் பெயரை எழுதினாள்.

மூட்டை அவள் மரத்துக்குப் போனது. மிச்சமே இல்லை.

சாயங்காலம் வரிசையும் அங்கேயே வந்தது. பங்கு எப்போது என்று கரடி கேட்டது. பொந்துக்குள் குட்டிகள் கடலை கடிக்கும் சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது.

செவத்தா முகத்தை வாட்டிக்கொண்டாள். "பகா எண்ணாச்சே மாமா. பிரிச்சா மிச்சம் விழும், சட்டம் விடாது."

"உன் பிள்ளைங்க தின்னுக்கிட்டே இருக்காங்களே, இன்னுமா 7919?"

"படிவத்துல அப்படித்தானே இருக்கு."

நரி வரிசையின் கடைசியிலிருந்து எட்டிப்பார்த்தார். "அக்கா, ஒண்ணே ஒண்ணு சேர்த்தா அழகா பிரிஞ்சிடும்."

செவத்தா அவர் வயிற்றைப் பார்த்தாள். "எடுத்துச் சேருங்க சார். நானா வேண்டாங்கிறேன்?"

பிறகு, சொத்தை இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

நீதி: மிச்சமில்லாமல் பிரிக்க வேண்டுமானால் வாங்குகிறவர் ஒருவராக இருப்பது நல்லது, அந்த ஒருவர் நாமாக இருப்பது அதைவிட நல்லது.