இடது கதவுக்கு முட்டைப் பூச்சு

எந்தத் துயரத்தையும் ஸ்டிக்கர் ஒட்டித் தீர்க்கலாம் என்று உலகுக்கு நிரூபித்த பெருமை காரைக்குடிக்கே உரியது. ஆய்வு என் கார் ஷெட்டில் நடந்தது. ஆய்வுப் பொருளில் பாதி நான். மறுபாதி, ஓட்டுப்போடும் வயதைத் தாண்டிய ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்.

கதவு இரண்டு, இருக்கை இரண்டு. கோயம்புத்தூரில் யாரோ விற்றதை என் மனைவி நிவேதா ஆசைப்பட்டு வாங்கினாள். வாங்கிய வாரமே அமராவதிபுதூர் தெருமுனையில் கிடந்த ஆட்டுக்கல்லில் இடது கதவை இடித்தாள். இறங்கிப் பார்த்துவிட்டு, "கல்லுக்கு ஒண்ணும் ஆகலை" என்றாள். கதவில் சோற்றுத் தட்டு அளவுக்குப் பள்ளம். அதற்குச் சற்று மேலே கதவில் கையை ஊன்றி நின்று சிரித்தபடி ஒரு படம் எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். பிறகு ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இறந்துவிட்டாள்.

வருஷம் திரும்பியதும் சித்தப்பா வீரப்பன் செயலில் இறங்கினார். பரம்பரைத் தச்சர், இப்போது 'இன்டீரியர்'. எனக்கு மறுமணம் செய்து வைப்பது என்று என்னைத் தவிர எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். காளையார்கோவிலில் பெண் இருந்தது. மாப்பிள்ளையை மேம்படுத்தக் கால அவகாசம் போதாததால் காரை மேம்படுத்துவது என்று அத்தை நாகவல்லி முன்மொழிய, சித்தப்பா வழிமொழிய, 'வாகன மேம்பாட்டுக் குழு' உருவானது.

"மாப்பிள்ளை ரெண்டாந்தாரமா இருந்தாலும் வண்டி மொதத்தாரம் மாதிரி இருக்கணும்ல" என்றார் அத்தை.

"மெக்கானிக்கெல்லாம் வேணாம். எல்லாம் நம்ம கையாலயே பண்ணிருவோம்" என்றார் சித்தப்பா.

"பிரேக் கொஞ்சம் லூசா இருக்கு, சித்தப்பா."

"பொண்ணு வீட்டுக்காரவுக பிரேக்கையாடா பாக்கப் போறாக?"

குழுவின் தொலைநோக்கு எனக்குப் புரிந்தது. ஒன்றே ஒன்று கேட்டேன். "இடது கதவை மட்டும் விட்டுருங்க."

"பரிசீலிப்போம்" என்றார்.

பணி தொடங்கியது. பக்கவாட்டில் தீப்பிழம்பு ஸ்டிக்கர்கள் ஒட்டப்பட்டன. தீயின் நாக்கு முன்பக்கம் நீண்டதால், கார் நிற்கும்போதே பின்னோக்கிப் பறந்தது. பேனட்டில் காற்றுத் துளை பொருத்தப்பட்டது. அது பிளாஸ்டிக், அதில் துளை கிடையாது. துளை இருந்தால் தூசி போகும் என்று குழு விளக்கியது. சைலன்சர் ஒன்றாக இருந்த இடத்தில் நான்கு குழாய்கள் மின்னின. மூன்றில் குளவி கூடு கட்டலாம்.

மகுடம், பின்னிறக்கை. ஏதோ ஒரு பெரிய வீட்டை இடித்தபோது வந்த பர்மாத் தேக்கு வாசல் நிலையை அறுத்து டிக்கியின் மேல் முடுக்கினார் சித்தப்பா.

"இதுல கஜலட்சுமி இருக்கு, சித்தப்பா."

"இருக்கட்டும். பின்னால வர்றவன் இடிக்க யோசிப்பான்ல."

திருக்கோஷ்டியூர் சாலையில் வெள்ளோட்டம் விட்டோம். பின்னால் வந்த லாரிக்காரர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டார். நாங்கள் வயலில் இறங்கி உயிர் பிழைத்தோம். பொதுமக்களிடம் 'அமோக வரவேற்பு' என்று குழு பதிவு செய்தது.

ஒரு மாலை வேலை முடிந்து வந்தபோது இடது கதவின் பரிசீலனை முடிந்திருந்தது. பள்ளம் இல்லை. சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் குழைத்து, நம்மூர்ச் சுவருக்குப் பூசுவது போலவே பூசி, கல்லால் தேய்த்து, மேலே சிவப்பு அடித்திருந்தார் சித்தப்பா. மிஞ்சிய மஞ்சள் கருவை அத்தை குழம்பு வைத்திருந்தார்.

"விட்டுருங்கன்னு சொன்னேன்ல."

"பள்ளத்தோடயா பொண்ணு பாக்கப் போறது? நூறு வருஷமா நிக்குது இந்தப் பூச்சு, ஒவ்வொரு வீட்லயும்."

"வீடு ஓடாது, சித்தப்பா."

"நல்ல காரியத்துக்குப் போகயில குறுக்கப் பேசாத."

தடவிப் பார்த்தேன். வழுவழுப்பாக, குளிர்ச்சியாக இருந்தது. இடம் தெரியவில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'முன்', 'பின்' என்று இரண்டு படம் போட என் போனைச் சித்தப்பா வாங்கிப் போனார். கட்டைவிரல்கள் குவிந்தன. நான் திறந்து பார்க்கவில்லை.

கிளம்பும்போது அத்தை, "அங்க போயி, போய்ச் சேந்த புள்ள பேரை எடுத்துறாத, விஷ்வா" என்றார். மற்றவர்கள் வேனில் வந்தார்கள். என் பக்கத்தில், வெள்ளை வேட்டியில், சித்தப்பா.

காளையார்கோவிலில் பெண்ணின் அப்பா வாசலுக்கு வந்தார். சித்தப்பா இறங்கி, வண்டியின் உறுதி ஊருக்கே கேட்கட்டும் என்று கதவை அறைந்து சாத்தினார். பூச்சு மொத்தமாகப் பெயர்ந்து அவர் காலில் விழுந்தது. பள்ளம் அப்படியே இருந்தது.

"என்னங்க, காருல காரை பேருது?" என்றார் பெண்ணின் அப்பா.

"அது வந்து... மேம்பாடுங்க."

பெண் ரோகிணி வெளியே வந்து கதவைப் பார்த்தாள். "யாரு இடிச்சது?"

"கல்லும்மா. கல்லு வந்து இடிச்சிருச்சு" என்றார் சித்தப்பா.

அவள் என்னைப் பார்த்தாள்.

"என் மனைவி. நிவேதா" என்றேன்.

"நல்லா ஓட்டுவாகளா?"

"ரொம்ப மோசமா ஓட்டுவா."

அவள் சிரித்தாள். வேனிலிருந்து அத்தை பலமாக இருமினார். காபி குடித்தோம். "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள்.

திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தினேன். சித்தப்பா வேட்டியைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"கெடுத்திட்டியேடா. அந்தப் பேரை எடுக்காதன்னு சொன்னோம்ல."

"அவுக கேட்டாக."

"கேட்டா? ஒரு வருஷமா நாங்க யாராச்சும் கேட்டமா?"

நியாயம். யாரும் கேட்கவில்லை.

டீ வரும்வரை வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். 'பின்' படத்தில் தீ எரிந்தது, கஜலட்சுமி வீற்றிருந்தாள். 'முன்' படம், ஆட்டுக்கல்லில் இடித்த அன்று நான் எடுத்தது. அதில் பள்ளம் மட்டும், நல்ல வெளிச்சத்தில், துல்லியமாக. ஓரத்தில் கதவின் மேல் நான்கு விரல்கள். அதற்கு மேல் வெட்டியிருந்தார்கள்.

மேம்பாட்டுக் குழுவை நான் குறை சொல்ல மாட்டேன். பள்ளத்தை விட்டுவிட்டு அவளை வெட்டி எடுத்திருக்கிறார்கள். சரிசெய்ய வேண்டிய பழுது எது என்பதில் அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே குழப்பம் இருந்ததில்லை.