இரண்டு தண்ணீர்ச் சாறன்

எனக்குக் கை வேகம். வாய் அதைவிட வேகம். இரண்டும் சேர்ந்து என் கல்யாணத்தன்று என்னை ஊர் சிரிக்க வைத்த கதையை நானே சொல்லிவிடுகிறேன். அடுத்தவர்கள் சொன்னால் கூட்டித்தான் சொல்வார்கள். (நானும் குறைத்துச் சொல்லப்போவதில்லை.)

ஐம்பதுகளில் நடந்தது. மருதமுனையில் எங்கள் வீட்டு முற்றத்துக் கொட்டிலில் ஒரு தறி இருந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. கல்முனைக் கடைக்காரர்கள் "நாளைக்கே வேணும்" என்று வந்து நின்றால் மற்ற வீடுகளில் கையை விரிப்பார்கள். நான் மட்டும் "பின்னேரம் வாங்க" என்பேன். சொன்னபடி கொடுத்தும் விடுவேன். இதில் ஏறிய தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை சாய்ந்தமருதுக்காரர். வயல் சாகாமம் பக்கத்தில். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கிறது என்றுதான் எல்லோரும் ஆறுதலாக இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் உம்மா, அதாவது என் மாமி, மூச்சு வாங்க வந்து இறங்கினார்.

"குளத்துத் தண்ணிய முந்தியே திறக்கப் போறாங்களாம். மகன் வயல் வட்டைக்குப் போனா விதைப்பு முடியாமத் திரும்ப மாட்டான். பிறகு நோன்பும் வந்திரும். வாற வியாழக்கிழமையே நிக்காஹ்வ முடிச்சிருவம்."

மாப்பிள்ளைக்கு உடுப்பு பெண்வீட்டிலிருந்துதான் போகவேண்டும். வாப்பா, இடுப்பில் உடுத்தக் கடையில் ஒரு வெள்ளைச் சாறன் எடுத்தால் போதும் என்றார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் நெய்கிறவளுடைய புருஷன் கடைச் சாறன் உடுத்து வருவதா?

"நானே நெய்து தாறன். பச்சைச் சாறன்."

"நாலு நாள்லயா? உனக்கென்ன பேயா புள்ள?" என்றார் உம்மா.

"மூணு நாளே காணும்!"

சாயம் போட்ட நூலை ஏழு தண்ணீரில் அலசவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஏழாவது தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவாக நிற்கவேண்டும். நான் இரண்டு தண்ணீர் அலசினேன். மழை வேறு கறுத்துக்கொண்டு வந்தது. நூல் காயவேண்டும், பாவு ஓட்டவேண்டும், நெய்யவேண்டும். மிச்சம் ஐந்து தண்ணீரை யார் எண்ணப் போகிறார்கள்?

புதன்கிழமை பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்குச் சாறன் தறியிலிருந்து இறங்கியது. கிளிப்பச்சை. கரையில் வெள்ளைக் கோடு. கஞ்சி போட்டு மடித்தபோது என் கையிலேயே முத்தம் கொடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. உம்மாகூட "மாஷா அல்லாஹ்" என்றுவிட்டார்.

வியாழக்கிழமை பின்னேரம் மாப்பிள்ளை ஊர்வலமாக வந்தார். நான் அறைக் கதவின் நீக்கலால் பார்த்துக்கொண்டிருந்தேன். (மணப்பெண் பார்க்கக்கூடாதுதான். என் சாறனை நான் பார்க்கக்கூடாதா?) வாசலில் என் தம்பி சலீம் செம்போடு நின்றான். மச்சானின் காலைக் கழுவி, மோதிரம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுவது அவன் பொறுப்பு. கடலில் தோணி தள்ளுகிறவன், எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. மோதிரத்தை நினைத்து முழுச் செம்பையும் முழங்காலிலிருந்தே ஊற்றினான்.

தண்ணீர் பச்சையாக ஓடியது.

சலீம் பதறிப்போய்த் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க மாப்பிள்ளையின் காலும் பச்சை, அவன் கையும் பச்சை. இன்னொரு செம்பு ஊற்றினான். வாசலிலிருந்து உள்ளே விரித்திருந்த வெள்ளைத் துணியில் மாப்பிள்ளை கால் வைக்க, அச்சடித்ததுபோல் இரண்டு பச்சைப் பாதம்.

"யா அல்லாஹ்! இதென்ன முசீபத்து! என்ட மகன்ட கால் பாம்பு கடிச்ச மாதிரிப் பச்சையா இரிக்கி!" மாமியின் குரல் பந்தலைத் தூக்கியது. "நிக்காஹ்வுக்கு முதலே இப்படியெண்டா... வேணாம் மகன், திரும்பு. இன்னொரு நாளைக்குப் பாப்பம்."

வாப்பா வாசலுக்கு ஓடினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டேன். மாப்பிள்ளை திரும்பிப் போனால் சாகாமம் போவார், விதைப்பு, நோன்பு, அதற்குள் ஊர்வாய். ஐந்து செம்புத் தண்ணீருக்குப் பஞ்சப்பட்டு ஒரு புருஷனைத் தொலைத்தவள் என்று பேர்.

மாப்பிள்ளை அசையாமல் நின்று, சாறன் விளிம்பைப் பிடித்துப் பார்த்தார். "இத ஆர் நெய்த?"

எனக்குத்தான் வாய் வேகம் என்று முதலிலேயே சொன்னேனே.

"நான்தான்!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கத்தினேன். "ஏழு தண்ணி அலசணும். ரெண்டுதான் அலசின. நேரம் காணல்ல!"

பெண்கள் கூட்டம் வாயில் கை வைத்தது. நிக்காஹ்வுக்கு முன் மணப்பெண்ணின் குரல் வாசல்வரை கேட்டது எங்கள் தெருவில் அதுதான் முதல் தடவை. நான் அழ ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை சிரிக்கிறார்! சாதாரணச் சிரிப்பில்லை, தோள் குலுங்குகிற சிரிப்பு.

"உம்மா, நான் இன்னும் வயலுக்கு இறங்கவே இல்ல. அதுக்குள்ள காலில வெள்ளாமை முளைச்சிட்டு. இது அல்லாஹ்ட பறக்கத்து. இத விட்டுட்டு ஆராவது திரும்புவானா?"

வாப்பாதான் முதலில் சிரித்தார். பிறகு பந்தலே சிரித்தது. மாமி கடைசியாக, அதுவும் முகத்தை முக்காட்டில் மறைத்துக்கொண்டு சிரித்தார். நிக்காஹ் நடந்தது. பச்சைக் கையில் மோதிரம் போட்டுக்கொண்ட சலீம், கை வெளுக்கும்வரை கடலுக்குப் போகவில்லை. மீன் பயப்படுமாம்.

அந்த வருஷம் வெள்ளாமை நல்லாய் விளைந்தது. என் சாறன்தான் காரணம் என்று மாமி சாகும்வரை ஊருக்குச் சொல்லித் திரிந்தார். இரண்டு தண்ணீர் மட்டும் அலசியதை மறந்துவிட்டார் என்று நினைக்கவேண்டாம். எங்கள் வீட்டில் யார் எதைக் கெதியாய் முடித்தாலும், அது சோறாக இருந்தாலும் சோதனைப் பாடமாக இருந்தாலும், "இது எத்தனை தண்ணி?" என்று கேட்கும் வழக்கத்தைத் தொடங்கியதே அவர்தான். இப்போது பேரப்பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

பத்திரிகைக்காரர்கள் இந்தக் கட்டுரையை நாளைக்கே வேண்டும் என்று கேட்டார்கள். ஒரே இருப்பில் எழுதி இவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். முடிந்ததும் சாறனைக் கொஞ்சம் உயர்த்தி, குனிந்து, தன் காலைப் பார்த்துக்கொண்டார்.