இந்த சீசனுக்கு ரோஸ்

மேசைக்கு அடியில் விழுந்து கிடந்த காகிதத் துண்டை நசூனா குனிந்து எடுத்தாள். ரோஸ் நிறம். இன்னும் ஒரு பாசிமணி சுருட்டலாம், வீணாக்குவானேன் என்று ஊசியைத் தேடியவள், துண்டின் மறுபக்கத்தில் எழுத்து இருப்பதைப் பார்த்தாள்.

'செல்வி நாமுலி' என்று பொன்னிறத்தில் அச்சடித்திருந்தது. அதற்குப் பிறகு இருந்ததைக் கத்தரி கொண்டு போயிருந்தது.

நாமுலி அவளுடைய நாத்தனார்.

நசூனா குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்தாள். 'குவாஞ்சுலா' என்று ஒரு துண்டு. 'குடும்பத்தோடு' என்று ஒன்று. 'தவறாமல்' என்று இன்னொன்று. மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண் கேட்கும் குவாஞ்சுலா விழாவுக்கு நாமுலி அடித்த அழைப்பு அட்டைகள். மிச்சமெல்லாம் தலைக்கு மேலே, கொடியில், வார்னிஷ் பூசிய மணிகளாகத் தொங்கிக் காய்ந்துகொண்டிருந்தன.

"ஐயோ, மறுபடியுமா!" என்றாள் நசூனா.

இது முதல் தடவை இல்லை.

கம்பாலாவில் உள்ளது இரண்டே பருவம். ஒன்று சேறு, மற்றது புழுதி. ஆனால் நசூனா பாரிஸ் கணக்கில் வாழ்கிறவள். அங்கே வசந்தத்துக்கு எந்த நிறம், குளிருக்கு எந்த நிறம் என்று போனில் பார்த்து, அதே நிறத்தில் காகித மணி சுருட்டிக் கோப்பாள். போன சீசனுக்குப் பச்சை. அப்போது மாமனாரின் நினைவு ஆராதனைக்கு அச்சடித்து வைத்திருந்த பச்சைப் பாட்டுத்தாள்களைப் பாதிக்கு மேல் சுருட்டிவிட்டாள். சர்ச்சில் ஒரு தாளை ஒரு பெஞ்சே எட்டிப் பார்த்துப் பாடியது. அன்றிலிருந்து புகுந்த வீட்டில் அவளுக்குப் பெயர் 'கரையான்'. அவள் தலை தெரிந்தால் போதும், "கரையான் வருது, பேப்பரை எடுத்து உள்ள வைங்க" என்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்கு வந்து அழுவாள்.

இந்த சீசனுக்கு வெளிறிய ரோஸ். கொலோலோவில் கடை வைத்திருக்கும் கியோலாபா அம்மா பெரிய ஆர்டர் கொடுத்திருந்தாள். ஊர் முழுக்கத் தேடியும் அந்த நிறம் கிடைக்கவில்லை. ஒருநாள் வெளியே போய்த் திரும்பியபோது வேலை மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு பெட்டி இருந்தது. உள்ளே மெல்லிய பளபளப்பான ரோஸ் அட்டை, முதுகுப் பக்கம் மேலே தெரிய அடுக்கியிருந்தது. கணவன் லுபோவா வேன் ஓட்டுகிறவன். அச்சகங்களில் கழித்துப் போடும் தாள்களை அவ்வப்போது அவளுக்காக அள்ளி வருவான். அப்படித்தான் இதுவும் என்று நினைத்தாள். 'என் மனசு அறிஞ்ச புருஷன்' என்று அன்றைக்கு அவனுக்குக் கடலைக் குழம்பு வேறு வைத்தாள்.

லுபோவா வந்ததும் மெல்லக் கேட்டுப் பார்த்தாள்.

"இங்க ஒரு பெட்டி இருந்துச்சே..."

"நாமுலி வந்தப்ப வச்சுட்டுப் போனா. குவாஞ்சுலா அட்டை. ஞாயித்துக்கிழமையிலிருந்து கொடுக்க ஆரம்பிக்கணும்." அவன் சட்டையைக் கழற்றியபடி நின்றான். "தாயே, அதுல மட்டும் கை வச்சுடாத."

"நான் ஏன் கை வைக்கறேன்?"

அவன் குளிக்கப் போனதும் காலிப் பெட்டிக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து, வாயை டேப் போட்டு ஒட்டினாள். கனம் போதவில்லை என்று அடியில் ஒரு செங்கல்லையும் வைத்தாள்.

லுபோவா தலையைத் துவட்டிக்கொண்டே பெட்டியைத் தூக்கிப் பார்த்தான். "அடேயப்பா, நல்ல கனமான அட்டையாத்தான் அடிச்சிருக்கா."

நசூனா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் நாமுலியே போனில் கூப்பிட்டாள். அவள் இம்பாலேயில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அண்ணன் பெயரைவிட அண்ணி பெயரைத்தான் அதிகம் சொல்லுகிற பெண். கரையான் என்று மற்றவர்கள் சிரித்தபோது சிரிக்காதவள் அவள் ஒருத்திதான்.

"அண்ணி, உங்க மேசை பக்கத்துல ஒரு பெட்டி வச்சேனே..."

"பத்திரமா இருக்கும்மா! நான் அந்தப் பக்கமே போகல!"

நாமுலியின் குரல் சட்டென்று இறங்கியது.

"தொடவே இல்லையா?"

"சத்தியமா தொடல. நானே வீடு வீடாப் போய்க் கொடுத்துடறேன், நீ கவலைப்படாத."

"ஐயோ, வேண்டாம் அண்ணி! நீங்க எதுக்கு? அப்படியே இருக்கட்டும், அப்பறம் பார்த்துக்கலாம்."

சந்தேகப்படுகிறாள் என்று நசூனாவுக்குப் புரிந்தது. சந்தேகப்படாமல் என்ன செய்வாள்? மறுபடி அச்சடிக்கலாம் என்றால் அச்சகக்காரன், "அந்த ரோஸா? அது எப்பவோ தீர்ந்துபோச்சே. யாரோ பாசி கோக்கிற பொம்பளை ஊரெல்லாம் அதையே கேட்டு அலையறாளாம்" என்றான்.

ஒரே வழிதான் இருந்தது. அட்டை இல்லாமல் வாயால் அழைப்பது.

தெருமுனையில் போடா-போடா என்கிற வாடகை பைக் ஓட்டும் வாஸ்வாவைக் கூப்பிட்டாள். ஐம்பதைத் தாண்டிய மனிதன். மோட்டார்சைக்கிளைவிட வாய் வேகமாகப் போகும்.

"எங்க போகணும், தங்கச்சி?"

"சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம்."

"எல்லா வீட்டுக்குமா? அப்படி யாரு செத்தது?"

"யாரும் சாகல. நீ வண்டியை எடு."

முதலில் மகிண்டியேவில் லுபோவாவின் பெரியப்பா வீடு. நசூனா முழங்காலிட்டு வணங்கிவிட்டுச் சொன்னாள்: "அட்டை கொடுக்கறதெல்லாம் போன சீசனோட போச்சு பெரியப்பா. இந்த சீசன்ல நேர்ல வந்து அழைக்கறதுதான் நாகரிகம்."

கிழவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியது. "என் தம்பி போனதுக்கப்பறம் என்னைத் தேடி வீட்டுப் படியேறினது நீதான்மா. அட்டைய யார் கையிலயாவது கொடுத்து விடுவாங்க. சில சமயம் அதுவும் வராது." உள்ளே போய் ஒரு சேவலைப் பிடித்துவந்து அவள் கையில் கொடுத்தார். "ஒன்ன போய்க் கரையான்னு சொன்னோமே. மனசுல வச்சுக்காத."

சேவலை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்த நசூனாவுக்கு எங்கேயாவது குதித்துவிடலாம் போலிருந்தது. சேவல் வேறு அவளை ஒருக்களித்துப் பார்த்தது.

நேரில் அழைப்பதில் ஒரு சங்கடம் இருந்தது. அட்டை என்றால் பெயர் போட்டவர் மட்டும் வருவார். நேரில் வந்து மண்டியிட்டு அழைத்தால், வீட்டோடு வராவிட்டால் மரியாதையாகுமா? பெரியப்பா தன் மூன்று மகன்களையும் மருமகள்களையும் கூட்டி வருவதாகச் சொன்னார். அடுத்த வீட்டில் பக்கத்து வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தார். அவரை விட்டுவிட்டு அழைக்க முடியவில்லை. அதற்கடுத்த வீட்டில், "பெரியப்பாவுக்கு முதல்ல, எங்களுக்கு அப்பறமா?" என்று முறுக்கிக்கொண்டவர்களைச் சமாதானப்படுத்த அவர்கள் சம்பந்தி வீட்டையும் அழைக்கவேண்டி வந்தது.

"தங்கச்சி, நீ ஆளு சேர்க்கறதைப் பார்த்தா தேர்தல்ல நிக்கப்போற மாதிரி இருக்கு" என்றான் வாஸ்வா.

கடைசியாக நபகோசா அத்தை. லுபோவாவின் அப்பாவுடன் பிறந்தவள். குவாஞ்சுலாவில் பெண்ணைச் சபைக்கு அழைத்து வருகிற பொறுப்பு அத்தையுடையது. சுற்றத்தில் அவள் வாய்க்குத் தப்பியவர் கிடையாது. 'கரையான்' அவள் வைத்த பெயர்தான்.

"அட்டை எங்க?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"இந்த சீசன்ல அட்டை இல்ல அத்தை..."

"அட்டை இல்லாம வாசல்ல நிக்கறவன் என்னை எப்படி உள்ள விடுவான்? நான் என்ன சோத்துக்கு வந்தவளா?" அத்தை கண்ணை இடுக்கினாள். "ஏண்டி, அட்டையத் தின்னுட்டியா?"

நசூனாவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. மாதிரிக்கென்று போட்டிருந்த ரோஸ் மணிமாலையைக் கழற்றினாள்.

"இதுதான் அத்தை அட்டை. இதைப் போட்டுக்கிட்டு வர்றவங்களுக்குத்தான் உள்ள இடம். பாரிஸ்ல இப்ப இப்படித்தான்."

ஒரு வகையில் அது பொய்யும் இல்லை என்று நினைத்தாள். நினைத்ததும் இன்னும் வெட்கமாக இருந்தது.

அத்தை மாலையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினாள். அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் சுற்றம் முழுவதற்கும் போன் போய்விட்டது. 'எனக்கு மாலை வரலையே' என்று வீடு வீடாகக் கோபம். அழைத்த வீட்டுக்கெல்லாம் நசூனா மறுபடி ஓடினாள். கொடியில் தொங்கியதெல்லாம் சரம் சரமாகக் கழுத்துகளுக்குப் போனது. பெரியப்பா கறிக்கடைக்கே அதைப் போட்டுக்கொண்டு போனாராம். கேட்டவர்களிடமெல்லாம், "இது அழைப்பு. நேர்ல வந்து கொடுத்தா" என்றாராம்.

கடைசிச் சரம் போன அன்று கியோலாபா அம்மா போனில் வந்தாள். "ஆர்டர் என்னாச்சு நசூனா? நகாவா மார்க்கெட்ல ஒரு கிழவர், கையில ஆட்டுக்கால், கழுத்துல என் டிசைன்! என் கடைக்கு வர வேண்டிய சரக்கு அங்க எப்படிப் போச்சு?"

"மன்னிச்சுடுங்கம்மா" என்றாள் நசூனா. அந்த அம்மாள் இனி இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அன்று நசூனாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. லுபோவா ஒன்றும் அறியாமல், "எங்க பார்த்தாலும் உன்னைப் பத்தித்தான் பேச்சு. எங்க வீட்டாளுங்க உன்னைப் புகழ்ந்து நான் இப்பதான் கேக்கறேன்" என்றான். அவனைச் சந்தோஷமாகப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பு கூசியது. விழா முடிந்ததும் நாமுலியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். அடுத்த நிமிடமே, சொல்லாமலே செத்துப்போய்விட்டால் நல்லது என்றும் தோன்றியது.

விழாவுக்கு முதல் நாள் நண்பகலுக்கே மாமனார் வீட்டு முற்றம் நிரம்பிவிட்டது. பந்தல்காரர்கள் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வேகவைக்க மத்தோகே வாழைக்காயை இலையில் பொதிந்தார்கள். பெரியப்பா நீள வெள்ளைக் கன்சு அங்கி மேல் ரோஸ் மாலை தொங்க, ஓர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். குழந்தைகள்வரை ஒரு கழுத்தும் வெறுமையாக இல்லை. நபகோசா அத்தை வாசலில் நாற்காலி போட்டு, மாலை இல்லாமல் வந்த தன் சொந்தப் பேரனையே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அப்போது வாஸ்வாவின் வண்டி வந்து நின்றது. பின்னாலிருந்து நாமுலி இறங்கினாள்.

முற்றத்தைப் பார்த்தாள். கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"இவ்வளவு பேரா... யாரு இவங்களை... எப்படி அண்ணி?"

"எல்லாம் உன் அண்ணி கைவண்ணம்!" என்று அத்தை அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "அட்டைகூட இல்லாம நேர்ல வந்து அழைச்சா. கல்யாணப் பொண்ணு முகத்தைப் பாருங்கடி, வாயடைச்சுப் போச்சு!"

நாமுலியின் முகம் சாம்பலாக இருந்தது. அதைப் பார்த்த பிறகு நசூனாவால் பொறுக்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். தான் வயதில் மூத்தவள் என்பதையெல்லாம் மறந்து அவள் முன்னால் மண்டியிட்டாள்.

"நாமுலி, என்னை அடி. உன் அட்டைய நான் பார்க்காம வெட்டிட்டேன். எல்லாத்தையும். அந்தப் பெட்டியில இருக்கறது செங்கல்லு. வெளிய அத்தனை பேர் கழுத்துல தொங்கறது உன் அட்டைதான். அதை மறைக்கத்தான் ஊரெல்லாம் போய் அழைச்சேன். பெரியப்பா என்னைக் கும்பிடாத குறை. அதுவும் பொய்யில வந்ததுதான். உன் முகத்தைப் பார்க்கற யோக்யதை எனக்கு இல்ல."

நாமுலி சுவரில் சாய்ந்தபடியே வழுக்கி இறங்கி, அண்ணிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வெளியே அத்தை குலவையிட்டாள். அதைத் தொடர்ந்து முற்றமே பாட ஆரம்பித்தது. கதவு அதிர்ந்தது.

நசூனாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நாமுலி சொன்னாள்:

"கட்டிக்கப் போறவன் என்னை வேண்டாம்னு சொல்லி ஒரு மாசமாச்சு அண்ணி... யாருகிட்டயும் சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு, நீங்க வெட்டித் தொலைச்சிடுவீங்கன்னு நம்பித்தானே அந்த அட்டைய உங்க மேசை பக்கத்துலயே கொண்டாந்து வச்சேன்!"