நலன்புரிச் சங்கமும் ஓர் இரும்புத் தொட்டியும்

மனிதகுலம் உண்டாக்கிய அமைப்புகளிலே தலைசிறந்தது எதுவென்று கேட்டால், ஐக்கிய நாடுகள் சபை என்று சொல்பவர்கள் வெள்ளவத்தைக்கு வராதவர்கள். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றை ஆண்டுவரும் 'ஒழுங்கை நலன்புரிச் சங்கம்' அதற்கும் ஒரு படி மேல். இங்கே தீர்மானங்களை எதிர்ப்பவர் ஒருவரும் இல்லை. தீர்மானம் என்னவென்று கூட்டம் முடியும்வரை ஒருவருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

இந்தச் சங்கத்தின் அருமை, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை நேசமலருக்குத் தம் வீட்டுக் கூரை ஒழுகும்வரை விளங்கவில்லை. கணவர் காலமான பின் அவர் தனியாகத்தான் இருந்தார். போன மழைக்குக் கட்டிலை நான்கு இடம் மாற்றிப் பார்த்தார். ஐந்தாவது இடம் அறைக்குள் இல்லாதபடியால், கூரையையே மாற்றுவதென்று முடிவெடுத்தார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த கூரை மேசன் ராமையா பாஸ் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, "டீச்சர், ஓடெல்லாம் தொட்டாலே உதிருதுங்க. இவ்வளவையும் எங்க கொட்டுறது? ரோட்டுல போட்டா கேஸ் எழுதிருவாங்க," என்றார். ஆகவே ஹெந்தளையில் ஒருவரிடமிருந்து நெஞ்சளவு உயரமான இரும்புத் தொட்டி ஒன்று மூன்று நாள் வாடகைக்கு எடுக்கப்பட்டது. சனிக்கிழமை காலை லொறிக்காரர் பஸீர் அதை வாசலில் இறக்கினார்.

"டீச்சர், ஓடு, மரம், கல்லு என்ன வேணுமெண்டாலும் போடுங்க. வீட்டுச் சாமான் கிடந்தா மட்டும் தூக்க ஏலா. திங்கக்கிழமை வாறன்," என்றார்.

தொட்டி இறங்கி அரை மணித்தியாலத்தில் சங்கத்தின் 'அவசரப் பொதுக்கூட்டம்' தலைவர் இரத்தினசிங்கத்தின் வீட்டு விறாந்தையில் கூடியது. நேசமலர் 'விளக்கமளிக்க' அழைக்கப்பட்டார்.

"ரீச்சர், இது மரியாதையான ஆக்கள் இருக்கிற ஒழுங்கை," என்று தொடங்கினார் தலைவர். "வாசலில குப்பைத் தொட்டி நிண்டால் வெளியில இருந்து வாறவை என்ன நினைப்பினம்?"

"கூரை மாத்துறன் எண்டு நினைப்பினம், அண்ணை."

"அதுதான் பிரச்சினை! எங்கட ஒழுங்கையிலயும் கூரை ஒழுகுதெண்டு ஊருக்குத் தெரியப்போகுது."

கூட்டம் மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு நடந்தது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக "போனில ஒரு கோல் வருது" என்று எழுந்து போய், பத்து நிமிடத்தில் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பினார்கள். தலைவருக்கே இரண்டு கோல் வந்தது. செயலாளர் சவுந்தரநாயகம் திரும்பியபோது அவருடைய வெள்ளைச் சேட்டில் இலவம்பஞ்சு ஒட்டியிருந்தது. பொதுப்பணிக்காக இப்படி உடம்பை வருத்துபவர்களை நேசமலர் அதுவரை கண்டதில்லை.

தேநீர் இடைவேளையில் வீட்டுக்கு வந்து பார்த்தார். தொட்டி நிரம்பி வழிந்தது. மூன்று மெத்தைகள், ஒரு கொமட், காலொடிந்த கட்டில், வாயைப் பிளந்த பழைய டிவி. ஓடு என்று ஒன்றுகூட இல்லை. கழற்றிய ஓடுகள் முற்றத்தில் குவிந்து கிடக்க, பாதி வெறுமையான கூரையின்மேல் ராமையா குந்தியிருந்தார்.

"ராமையா, இதெல்லாம் ஆர் போட்டது?"

"கூட்டத்துக்குப் போனவங்கதாங்க. ஒவ்வொருத்தரும் 'ரீச்சர் போடச் சொன்னவ'ன்னு சொல்லிச் சொல்லிப் போட்டாங்க. நீங்க ரொம்பத் தாராளமானவங்கன்னு நெனைச்சேன்."

நேசமலர் விறாந்தைக்குத் திரும்பிப் போய் விஷயத்தைச் சொன்னார். தலைவர் திடுக்கிட்டார். திடுக்கிடுவதில் அவருக்கு நல்ல அனுபவம் இருந்தது.

"இது அடுத்த ஒழுங்கை ஆக்களின்ர வேலை! அதில கிடக்கிற ஒரு துரும்பும் எங்கட ஆக்களின்ர இல்லை."

முப்பது வருடம் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்திய நேசமலர் கோபப்படவில்லை. "அப்ப அதை ஒரு தீர்மானமா எழுதித் தாங்கோ, அண்ணை," என்றார்.

எழுதுவதென்றால் சங்கத்துக்கு உயிர். 'மேற்படி தொட்டியிலுள்ள பொருட்களுக்கும் இவ்வொழுங்கைவாசிகளுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ரீச்சர் அவற்றைத் தாம் விரும்பியவாறு பாவிக்கலாம்' என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஒன்பது பேர் கையொப்பமிட்டார்கள்.

பகல் இரண்டு மணிக்குக் கடல் பக்கம் கறுத்தது. புதிய கூரைச் சீட் திங்கட்கிழமைதான் வரும். ராமையாவின் தார்ப்பாய் படுக்கையறையில் பாதிக்கும் போதவில்லை. அலுமாரிக்குள் கணவரின் உடுப்புகள் இருந்தன, வீட்டு உறுதிப் பத்திரம் இருந்தது.

"என்ன செய்யிறது, ராமையா?"

ராமையா தொட்டிக்குள் குதித்தார். மெத்தைகளைப் புரட்டினார். "டீச்சர், அடியில பெரிய சுருள் ஒண்ணு கெடக்குதுங்க!"

விரித்தார்கள். இருபதடி நீளப் பதாகை. 'சுத்தமே எமது மூச்சு' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் தலைவர் இரத்தினசிங்கம் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். படம் உள்ள பக்கம் மேலே இருந்தால்தான் தண்ணீர் வழுக்கி ஓடும் என்றார் ராமையா. நாலு மூலையும் இழுத்துக் கட்டி முடிக்கவும் மழை கொட்டத் தொடங்கவும் சரியாக இருந்தது. எதிர்த் தொடர்மாடியின் பல்கனிகள் நிரம்பின. சிலர் படம் எடுத்தார்கள்.

தலைவர் குடையோடு ஓடி வந்தார். "ரீச்சர், அந்தப் பெனரை உடன இறக்குங்கோ!"

"ஏன் அண்ணை, அது உங்கடையோ?"

தலைவர் குடையைச் சாய்த்துப் பல்கனிகளைப் பார்த்தார். "எங்கடை இல்லை. ஆனா முகம் என்ர."

"அடுத்த ஒழுங்கை ஆக்கள் உங்களில எவ்வளவு மதிப்பு வைச்சிருக்கினம், பாத்தியளோ!"

அந்த நேரம் பார்த்து ராமையா கூரையிலிருந்து, ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "டீச்சர், குசினிக்கு மேலயும் ஒரு ஓட்டை இருக்குங்க. தொட்டிக்குள்ள வேற யாரு படமாவது கெடக்குதான்னு தேடிப் பாக்கட்டுமா?"

தங்கள் சாமானும் கூரையேறுமோ என்ற பயத்தில், ஞாயிறு மத்தியானத்துக்குள் தொட்டி காலி. ஒருவருக்கும் சொந்தமில்லாத மெத்தைகள், வந்த வழியே வீடு திரும்பின. செயலாளர் கொமட்டைப் படுக்கை விரிப்பால் போர்த்தி, "அடுத்த ஒழுங்கைக்காரரிட்டைக் குடுக்கப்போறன்" என்று சொல்லியபடி தம் வீட்டு வாசலுக்குள் நுழைந்தார்.

திங்கட்கிழமை பஸீர் ஓடுகளைத் தூக்கிப் போனார். புதிய சீட் ஏறியது. அடுத்த மழையில் நேசமலரின் கட்டிலில் ஒரு சொட்டும் விழவில்லை. அவர் பதாகையைத் துடைத்து, காயவைத்து, மடித்து, ஒரு நன்றிக் கடிதத்தோடு தலைவரிடம் சேர்ப்பித்தார். கடிதம் அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்பட்டது:

'தங்கள் சங்கம் தொடங்கிய பதினொரு வருடங்களில், இவ்வொழுங்கைவாசி ஒருவர் அதனால் நன்மை பெற்றது இதுவே முதல் தடவை. அதற்கும், முதலில் நீங்கள் அதன் பதாகையைக் குப்பையில் போட வேண்டியிருந்தது.'