டெய்லர் என்னைத் தூக்கிவிடாத விவகாரம்

மதிப்பும் அன்பும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கே என் வலது கட்டைவிரல் நீங்கலாக அனைவரும் நலம். அங்கே நீங்களும் என் தங்கையும் விரல்கள் உட்பட நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் போன்களில் நீங்கள் ஏற்றிவிட்டுப் போன அந்த ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டைத் தயவுசெய்து நீங்களே இறக்கிவிட வேண்டும். மாற்றலாகிப் போகும்போது என்ன சொன்னீர்கள்? "கேரம் போர்டுல என் பக்கம் காலியாயிடுச்சேன்னு கவலைப்படாதீங்க மச்சான், போன்ல நாலு பேரும் சேர்ந்தே ஆடலாம்." ஆடினோம். நான், இத்தனை வருஷம் எனக்கு எதிரே உட்கார்ந்து ஜோடியாக ஆடிய டெய்லர், பல் டாக்டர், தூரத்தில் நீங்கள். ஆடிய லட்சணம் உங்களுக்கே தெரியும். கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் சுட வேண்டியதுதானே? நாங்கள் கேரம் பழக்கத்தில் முறை வைத்துச் சுட்டோம். "டாக்டர், உங்க முறை." "இல்லையே, டெய்லர் இன்னும் அடிக்கலையே." இந்த உபசாரம் முடிவதற்குள் எதிராளிகள் நம் எல்லோரையும் படுக்க வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். டாக்டர் இன்னும் ஒருபடி மேல். ஒருவர் வாயில் பஞ்சை வைத்துவிட்டு, போனைப் பார்த்து "பின்னாடி வர்றான், ஓடுங்க!" என்று கத்தியிருக்கிறார். பஞ்சோடு ஓடிய அந்த மனிதர் இன்னும் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாலும் ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு சார்ஜர். கேரம் ஆடும்போது டெய்லர் மகளின் வேலை, டாக்டரின் முழங்கால் வலி எல்லாம் பேச்சோடு பேச்சாக வந்து விழும். இப்போது "இடது பக்கம், வலது பக்கம்" தவிர வேறு பேச்சில்லை. போர்டின்மேல் என் வீட்டுக்காரி துணி மடித்து அடுக்குகிறாள். கடைசியில் அவரவர் வீட்டிலிருந்தே ஆடுகிற அளவுக்கு வந்துவிட்டது.

அப்படி ஆடிய போன ஞாயிறுதான் வினை. விழுந்து கிடப்பவனைக் கூட்டாளி தூக்கிவிட்டால் அவன் பிழைத்துக்கொள்வான், அதுதானே அந்த விளையாட்டின் விதி? நான் விழுந்து கிடக்கிறேன். "டெய்லர், தூக்குங்க, தூக்குங்க"ன்னு தொண்டை கிழியக் கத்தறேன். மனுஷன் ஒரு வார்த்தை பேசல. என்னைத் தாண்டிக் குதிச்சுப் போய், முறையும் பார்க்காம, அத்தனை பேரையும் தனியாளா சுட்டுத் தள்ளிட்டார். நாம் முதன்முதலாக ஜெயித்தோம். நீங்களும் டாக்டரும் ஆனந்தக் கூத்தாடினீர்கள். நான் தரையில் கிடந்தபடியே ஜெயித்தேன்.

அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை. தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கக்கூடப் போகவில்லை. எதிரெதிரே உட்கார்ந்தே நரைத்தவர்கள் நாங்கள். மனசு வலிக்குது மாப்பிள்ளை. ஜெயிக்கவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், எனக்கு அந்த மனுஷன் வேணும். விளையாட்டை எடுத்துவிடுங்கள்.

தங்கைக்கு என் ஆசிகள். உங்கள் போனில் எந்நேரமும் சார்ஜ் குறைவாகவே இருக்க வாழ்த்தும்,
மைத்துனன்.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் டெய்லரே சட்டையோடு வந்து நின்றார். "என்ன, கடைப்பக்கமே காணோம்?" என்றார். "அன்னைக்கு என்னை ஏன் தூக்கல?" என்றேன். "நான் எங்க ஆடினேன்? அவசரமா ஒரு கோட்டுக்குப் பட்டன் தச்சுக்கிட்டு இருந்தேன். சும்மா பிடிச்சுக்கோன்னு போனை வீட்டுல கொடுத்தேன். அவளுக்கு முறையெல்லாம் தெரியாதே. யாரோ தரையில கிடந்தாங்க, தூங்கறாங்கன்னு விட்டுட்டேன்ங்கறா!" துணிகளை இறக்கிவிட்டு, இருட்டும் வரை இருவரும் கேரம் ஆடினோம். மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். விளையாட்டு இருக்கட்டும். டெய்லருக்குப் பதில் அந்த அம்மாளே ஆடட்டும், நானும் வருகிறேன். கீழே கிடப்பது நான்தான், தூங்கவில்லை என்று மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.